உதகைக் குளிரும் ஆறாயிரம் ரூபாய் மின் கட்டணமும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 67. உதகை ஃபெர்ன்ஹில் பகுதியில், கணப்படுப்பும் உயரமான கூரையும் கொண்ட பழைய ஓட்டு வீட்டில் நானும் மனைவியும் வசிக்கிறோம். வழக்கமாக இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் அளவில் இருக்கும் மின் பயன்பாடு, சென்ற டிசம்பர், ஜனவரியில் 960 யூனிட்டாகிவிட்டது. கட்டணம் ஆறாயிரத்தைத் தாண்டியது. மனைவிக்கு மூட்டுவலி என்பதால் மாலையிலிருந்து 2000 வாட் ஹீட்டர் ஓடுகிறது. வங்கியில் இருக்கும் 2 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையை முறித்து 3 கிலோவாட் சோலார் போடச் சொல்கிறான் மகன். சூடும் தரும் ஏ.சி. வாங்கச் சொல்கிறாள் மகள். பக்கத்து வீட்டுக்காரரோ, இரவில் அறைக்குள் கரி அடுப்பு வைத்தால் போதும் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: வைப்புத்தொகையை இப்போதைக்கு முறிக்க வேண்டாம். உங்கள் சிக்கல் ஆண்டுக்கு வரும் ஆறு பில்களில் ஒன்றே ஒன்றில்தான் இருக்கிறது. அந்த ஒன்றுக்காக முதுமைக்கால சேமிப்பைக் கூரைமேல் ஏற்றுவது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

அந்த ஒரு பில் ஏன் அப்படி ஏறியது என்பதை முதலில் பார்ப்போம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டண விகிதத்தை எடுத்துக்கொள்கிறேன்; அதன் பிறகு விகிதங்கள் சற்றுக் கூடியிருந்தாலும் கணக்கின் போக்கு அதுவே. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய், அடுத்த 200 யூனிட் 4.50 ரூபாய், கடைசி 100 யூனிட் 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். இதில் ஒரே ஒரு யூனிட் கூடினாலும் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை பறிபோய், 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.50 ரூபாய் வீதம் கணக்கிடப்படும் என்பதால், 501 யூனிட்டுக்குக் கட்டணம் 1,958 ரூபாய். அதாவது அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதற்கு மேல் 8, 9, 10 ரூபாய் என்று படிப்படியாக ஏறுகிறது. உங்கள் 320 யூனிட்டுக்கு 765 ரூபாய்; 960 யூனிட்டுக்கு 6,150 ரூபாய். குளிருக்காகச் செலவான 640 யூனிட்டும் சராசரியாக எட்டரை ரூபாய்க்கு நெருக்கமான விலையில் வாங்கப்பட்டவை.

இனி சோலார். 3 கிலோவாட்டுக்கு ஆகும் செலவை 2 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும். ஆனால் முழுத் தொகையையும் நீங்கள் முதலில் கட்டி, பணி முடிந்த பிறகே அது வங்கிக் கணக்குக்கு வரும். மானியம் போக உங்கள் கைப்பணம் 1,22,000 ரூபாய். உங்கள் ஆண்டு மின் கட்டணம் மொத்தமே பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஆறு பில்களும் பூஜ்ஜியமாகிவிட்டன என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் போட்ட பணம் திரும்பப் பன்னிரண்டு ஆண்டுகளாகும். அதே தொகை 7 சதவீத வட்டியில் வங்கியில் இருந்தால் ஆண்டுக்கு 8,540 ரூபாய் தரும். மழையும் மூடுபனியும் சூழும் உதகையின் ஜூன், ஜூலை மாதங்களில் தகடுகள் சமவெளியில் தரும் அளவு மின்சாரத்தைத் தரமாட்டா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் மகன் கோவையில் தன் வீட்டுக்கு இதைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

ஏ.சி. யோசனை அவ்வளவு தவறானதன்று. ஆயில் ஹீட்டர், ஃபேன் ஹீட்டர், ஹாலஜன் ஹீட்டர் என்று எந்தப் பெயரில் விற்றாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அவை தரும் வெப்பம் ஒன்றே. ‘மின்சாரம் மிச்சம்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். சூடும் தரும் இன்வெர்ட்டர் ஏ.சி. மட்டும் வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வருவதால், அதே வெப்பத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் தந்துவிடும். வெளியே உறைபனி விழும் இரவில் இந்தத் திறன் குறையும். ஆண்டுக்கு ஒரு பருவத்துக்காக அரை லட்சம் ரூபாய்க்கு அருகில் செலவழிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மனைவியின் மருத்துவர் இரவு முழுவதும் அறை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்று சொன்னால் மட்டும் வாங்குங்கள். அப்போது அது மருத்துவச் செலவு, அதில் லாப நட்டம் பார்க்க வேண்டியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது 500 யூனிட் என்ற வரம்புக்குள் நிற்பது. அறுபது நாளுக்கு 500 என்றால் நாளொன்றுக்கு எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல். வழக்கமான பயன்பாடு ஐந்தேகால் போக, குளிருக்கென்று உங்களிடம் நாளுக்கு மூன்று யூனிட் இருக்கிறது. 2000 வாட் ஹீட்டருக்கு அது ஒன்றரை மணி நேரம்தான். போதுமா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. வீடு இப்போதிருக்கும் நிலையில் போதாது.

காற்றடிக்கும் ஒரு மாலையில் ஹீட்டரை அணைத்துவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, சன்னல் சட்டங்களின் ஓரமாகவும் கதவுகளின் அடியிலும் மெதுவாகக் கொண்டுசெல்லுங்கள். புகை நேராக மேலே போகாமல் சாயும் இடமெல்லாம் உங்கள் பணம் வெளியேறும் இடம். கடைசியாகக் கணப்படுப்பின் வாயருகே பிடியுங்கள். புகை அப்படியே உள்ளிழுக்கப்பட்டு மேலே போனால், நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. கணப்படுப்பைப் பயன்படுத்துவதில்லை என்றால் அதன் வாயை அளவாக வெட்டிய பலகையால் மூடிவிடுங்கள். சன்னல்களுக்கு ரப்பர் பட்டை, கதவடிக்கு மணல் திணித்த துணிச்சுருள், கனமான திரை ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சோலாரோடு ஒப்பிட்டால் சில்லறை. பகலில் வெயில் விழும் சன்னல்களின் திரையை விலக்கி வைத்து, நான்கு மணிக்கெல்லாம் மூடிவிட வேண்டும்.

உயரமான கூரையுள்ள கூடத்தைச் சூடாக்குவதை விட்டு, கதவடைத்த சிறிய படுக்கையறையை மட்டும் படுக்கப்போகுமுன் ஒரு மணி நேரம் சூடாக்கினால் இரண்டு யூனிட். பிறகு 100 வாட் மின்போர்வை எட்டு மணி நேரம் இயங்கினாலும் 0.8 யூனிட்தான், மூட்டுவலிக்கும் அதன் இதம் நேராகப் போய்ச் சேரும். கீசரையும் கவனியுங்கள்: 10 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர ஒரு யூனிட் ஆகிறது. நாள் முழுவதும் சுவிட்ச் போட்டே கிடந்தால் ஆறிய தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

மின்கணக்கெடுப்பு நடந்த அன்று மீட்டர் காட்டும் எண்ணை நாட்காட்டியில் எழுதி, ஞாயிறுதோறும் அதைப் பாருங்கள். வாரத்துக்கு 58 யூனிட் வரை போகலாம். ஒரு கடுங்குளிர் வாரத்தில் வரம்பு தாண்டினால் அதற்காக மனைவியைக் குளிரில் இருத்த வேண்டாம். 600 யூனிட்டே ஆனாலும் 2,750 ரூபாய்தான், ஆறாயிரம் அன்று. பிப்ரவரியிலிருந்து மாதம் 300 ரூபாய் வங்கித் தொடர் வைப்பில் போட்டுவந்தால் அடுத்த குளிர்காலத்துக்குள் அந்தத் தொகையும் சேர்ந்துவிடும்.

கரி அடுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். மூடிய அறையில் கரி கனன்றால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குபவர்களுக்கு மூச்சுத் திணறலைக்கூட உணர்த்தாது. நான் மேலே சொன்னபடி இடுக்குகளையெல்லாம் அடைத்த வீட்டில் இந்த ஆபத்து இன்னும் பெரிது.