உப்புத்தண்ணி டேங்க்ல சண்டையா? கேளுங்க, சொல்றேன்

இந்த தடவ வந்த கடல்மீன் கேள்வி முக்கால்வாசி ஒரே விஷயம்தான், ஒரு மீன் இன்னொன்ன விரட்டுது, கடிக்குது, சாப்பிட விடமாட்டேங்குது. அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு எடுத்து வச்சிட்டு இந்த தடவ சண்ட மட்டும்தான்.

கேள்வி: வணக்கம் அண்ணா. என்கிட்ட நாலடி டேங்க் இருக்கு, ரெண்டு வருஷம் ஆச்சு. ஆரம்பத்துல தண்ணி சைக்கிள் ஆகட்டும்னு, அதாவது அம்மோனியாவ போக்குற பாக்டீரியா வளரட்டும்னு கடைல சொல்லி ஒரு டாமினோ டாம்சல் குடுத்தாங்க, அப்ப கட்டவிரல் நகம் சைஸ்தான். இப்ப நல்லா வளந்துருச்சு. போன மாசம் ரெண்டு ஃபயர்ஃபிஷ் விட்டேன், ஒன்னு மறுநாள் காலைல தரைல கிடந்துச்சு, இன்னொன்னு ஹீட்டர் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்குது, வால் கிழிஞ்சிருக்கு. டாமினோவ வலை போட்டு பிடிக்கவே முடியல. என்ன பண்ணட்டும்? - வாசகர், கோவை

பதில்: தம்பி, இத படிச்சதும் முதல் வேலையா அந்த ஹீட்டர் பக்கம் நிக்கிற ஃபயர்ஃபிஷ்ஷ தனியா எடுத்துருங்க. மேல் மூலைல வாய வேகமா திறந்து மூடிக்கிட்டு ஒரு மீன் அசையாம நின்னா, அந்த டேங்க்ல அதுக்கு நிக்க வேற இடமே விடலனு அர்த்தம், அப்படியே விட்டா ரெண்டு மூணு நாள்ல சாப்பாட்ட நிறுத்திரும். தனி டேங்க் இல்லனா ஓட்ட ஓட்டயா இருக்கிற பிளாஸ்டிக் பழக்கூடை ஒன்ன, இரும்புக் கம்பி கிளிப் எதுவும் இல்லாததா பாத்து, டேங்க் உள்ளயே தொங்கவிட்டு அதுல போடுங்க, தண்ணி உள்ள வெளிய போகும், டாமினோ மட்டும் போகாது. தரைல கிடந்தது விரட்டுன விரட்டுல குதிச்சது, ஃபயர்ஃபிஷ் பயந்தா நேரா மேலதான் பாயும், அதனால மேல வலை போட்ட மூடி இல்லாம அந்த மீன வாங்கவே கூடாது.

டாமினோ மேல கோவப்படாதீங்க. கருப்பு உடம்புல மூணு வெள்ளப் புள்ளியோட குட்டியா பாக்க அவ்ளோ அழகா இருக்கும், கடல்ல குட்டியா இருக்கறப்ப அனிமோன்னு பூ மாதிரி இருக்கிற கடல் உயிர் பக்கத்துல கூட்டமா சுத்தும். வளந்தா 14 சென்டிமீட்டர் வரைக்கும் போகும், புள்ளியும் மங்கிரும். கடல்ல தோத்த மீன் நாலு பாறை தள்ளி ஓடிப் போயிரும், சண்ட அதோட முடிஞ்சுது. உங்க நாலடி டேங்க்ல மொத்தமே 250 லிட்டர் தண்ணி இருக்கும், அதுல பாறைக்கு போக மிச்சம் எவ்ளோனு பாருங்க, தோத்தவன் எங்க ஓடுவான்? அதுவும் ரெண்டு வருஷமா தனியா ஆண்ட இடம், புதுசா யார் வந்தாலும் அதோட கணக்குல வீட்டுக்குள்ள புகுந்த ஆள்தான். டாம்சல் விட்டு சைக்கிள் பண்ற பழக்கத்தையே நான் ஒத்துக்க மாட்டேன், அம்மோனியா சொட்டு விட்டா பாக்டீரியா வளந்துரும், அதுக்கு ஒரு உயிர எரியற தண்ணில விடணும்னு இல்ல.

இப்ப பிடிக்கிற வழி. பகல்ல வலையோட துரத்துனா நீங்க சோந்து போவீங்க, மீன் சோராது, பாறை சரிஞ்சு கண்ணாடி உடைஞ்சாலும் உடையும். நானும் முன்னாடி ஒரு டாம்சலுக்காக முக்கால்வாசி தண்ணிய டப்பா டப்பாவா இறச்சிருக்கேன். அன்னைக்கு ராத்திரி லைட் அணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு சிவப்பு டார்ச் அடிச்சு பாத்தப்பதான் புரிஞ்சுது, அது தினமும் ஒரே பொந்துலதான் போய் படுக்குது, உடம்பு நிறம் வெளுத்து, துடுப்ப மட்டும் லேசா ஆட்டிக்கிட்டு. ரெண்டு ராத்திரி அதே பொந்துதானானு பாத்துட்டு மூணாவது ராத்திரி அந்தக் கல்லோட சேத்து மெதுவா தூக்கி டேங்க் தண்ணி இருந்த பக்கெட்டுல வச்சேன், அவ்ளோதான் வேலை. கல்லு ரொம்ப பெருசுனா ஒரு நாள் தீனி போடாம விட்டு, வாட்டர் பாட்டில் கழுத்த வெட்டி திருப்பி சொருகி, உள்ள கொஞ்சம் இறால் வச்சு படுக்கப் போடுங்க, பசில உள்ள போனா வெளிய வர வழி தெரியாது.

பிடிச்சப்புறம் கடைல திருப்பிக் குடுங்க, இல்ல தனி டேங்க் வைங்க. ஊருக்குப் போறப்ப கடல்ல விட்டுரலாம்னு மட்டும் நினைக்காதீங்க, டேங்க்ல இருந்த நோய் அதோட சேந்து கடலுக்குப் போகும். இல்லண்ணா, எனக்கு அத விட மனசு இல்லனு சொன்னீங்கன்னா இப்படி பண்ணுங்க: டாமினோவ அந்தக் கூடைக்கு மாத்தி ஃபயர்ஃபிஷ்ஷ வெளிய விட்டு, கல்லெல்லாம் இடம் மாத்தி அடுக்குங்க, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு டாமினோவ விடுங்க, அப்ப அதுதான் புது ஆள். டாங் மாதிரி பெரிய மீன்கிட்ட இது நல்லா வேலை செய்யும், ஆனா ஃபயர்ஃபிஷ் மாதிரி சாதுவோட வளந்த டாமினோ ஒத்துப்போகும்னு என்னால நம்பிக்கையா சொல்ல முடியல தம்பி, அதனால என் முடிவு, ரெண்டுல ஒன்னு போகணும்.

கல்லு புதுசா வாங்குறதா இருந்தா செராமிக் இல்ல சிமென்ட்ல செஞ்சதா கேட்டு வாங்குங்க, பாறை கட்டுற பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைல வருது, யாராச்சும் நிஜப் பவளக்கல்லுனு கொண்டு வந்தா வாங்காதீங்க.

கேள்வி: சார், எங்க வீட்ல ஒரு ஜோடி க்ளவுன்ஃபிஷ், மூணு வருஷமா சாதுவா இருந்துச்சுங்க. பத்து நாளா கைய விட்டா பெருசு ஓடி வந்து கடிக்குது, சின்னதையும் விரட்டுது, சின்னது பக்கவாட்டுல சாஞ்சு நடுங்குது. வலிப்பு மாதிரி ஏதாச்சும் நோயா? பிரிச்சு வைக்கணுமா? - வாசகி, நாகர்கோவில்

பதில்: பிரிக்காதீங்க சகோதரி, ஒரு நோயும் இல்ல! பெருசு பொண்ணு, சின்னது ஆண். எல்லா க்ளவுனும் முதல்ல ஆணாத்தான் ஆகும், ஜோடில பெரிய ஆள் பொண்ணா மாறும். அந்த நடுக்கம் "நீதான் பெரியவ, நான் போட்டிக்கு வரல"னு சின்னது சொல்ற மொழி, அத பாத்தா சந்தோஷப்படணும், ஏன்னா அது நடுங்குற வரைக்கும் பெருசு அத கொல்லாது. அதுங்க படுக்குற இடத்துக்குப் பக்கத்துல கல்லையோ கண்ணாடியையோ டார்ச் அடிச்சு பாருங்க, ஆரஞ்சு நிறத்துல அரிசி மாதிரி நட்டுவச்ச முட்ட இருக்க வாய்ப்பு அதிகம், கூடவே ஆண் அத வாயால தொட்டுத் தொட்டு துடுப்பால விசிறிக்கிட்டு இருக்கும். சுமார் ஒரு வாரத்துல பொரிஞ்சிரும், அது வரைக்கும் அந்தப் பக்கம் க்ளீன் பண்ணாதீங்க, கை விடணும்னா நீள க்ளவுஸ் போட்டுக்கோங்க. குஞ்சு வளக்கணும்னா ரோட்டிஃபர்னு ஒரு நுண்ணுயிர முன்னாடியே வளத்து வச்சிருக்கணும், தூள் தீனி அதுங்க வாய்க்குப் போகாது. மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துலயும் பரங்கிப்பேட்டைல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துலயும் க்ளவுன் குஞ்சு பொரிக்க வச்சிருக்காங்க, அதனால நம்ம ஊர் தண்ணில முடியாதுனு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. மூணாவதா ஒரு க்ளவுன் மட்டும் விட்டுராதீங்க, அது உயிரோட இருக்காது.

கேள்வி: அண்ணே, அஞ்சடி டேங்க்ல பவுடர் ப்ளூ டாங் இருக்கு, நேத்து ஒரு க்ளவுன் டாங் விட்டேன், ரெண்டும் வாலால மாறி மாறி அடிச்சுக்குதுங்க. கண்ணாடி வச்சா அடங்கும்னு சொல்றாங்களே? - மதுரையிலிருந்து ஒருவர்

பதில்: தம்பி, அடங்காது. டாங் வால் அடில ரெண்டு பக்கமும் கத்தி மாதிரி ஒரு முள் இருக்கு, அதாலதான் அடிக்குது, பாருங்க பவுடர் ப்ளூ உடம்புல கோடு கோடா வெள்ளக் கீறல் விழுந்திருக்கும். ரெண்டுமே அகாந்தூரஸ்ங்கிற ஒரே பேரினம், ஒரே வடிவம், ஒரே சாப்பாடு. கண்ணாடிய டேங்க் வெளில ஒட்டி வச்சா பழைய மீன் தன் நிழலோட சண்ட போடும், புதுசுக்கு ரெண்டு நாள் மூச்சு கிடைக்கும், வேற வேற வடிவ மீன்னா அந்த ரெண்டு நாளே போதும், இங்க போதாது. க்ளவுன் டாங்க இன்னைக்கே எடுத்துருங்க, ரெண்டு மீனையும் ரெண்டு வாரம் நல்லா கவனிங்க, சண்டைல சோந்த டாங்குக்கு உப்பு தூவுன மாதிரி வெள்ளப்புள்ளி வர்றது ரொம்ப சகஜம். வந்தா காப்பர் மருந்து தனி டேங்க்லதான், மெயின் டேங்க்ல விட்டா இறால், நத்தை எல்லாம் செத்துரும்.

கேள்வி: கிளாத்தி (ட்ரிகர்ஃபிஷ்) மீனோட க்ளீனர் இறால் வைக்கலாமா சார்? - வாசகர், தூத்துக்குடி

பதில்: வேணாம்ங்க. கிளாத்தி பல்லு நண்டு ஓட்டயே உடைக்கும், இறால் அதுக்கு ஒரு வேளை சாப்பாடு.