கருத்தாய்வில் பதிலளிப்பவர் விலையைக் கவனிக்காமல் தேர்ந்தெடுத்தால் மதிப்பீடு ஏன் தவறாகிறது?

ஓர் ஏரியைத் தூய்மைப்படுத்த மக்கள் எவ்வளவு தர முன்வருவார்கள் என்று அறிய, நீரின் தெளிவு, மீன்வளம், ஆண்டு வரி ஆகியவற்றை மாற்றி மாற்றி அமைத்த அட்டைகளைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஒருவர் மீன்வளத்தை மட்டும் பார்த்துவிட்டு, வரி 500 ரூபாயா 2,000 ரூபாயா என்று ஏறெடுத்தும் பாராமல் குறியிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு கூறும் தேர்வை எவ்வளவு பாதிக்கிறது என்று காட்டும் எண்ணே குணகம்; மீன்வளம் போன்ற பண்பின் குணகத்தை விலையின், அதாவது இங்கே வரியின், குணகத்தால் வகுத்தே மக்கள் தர முன்வரும் தொகை கணக்கிடப்படுகிறது. விலையைப் பொருட்படுத்தாதவர்கள் பெருகப் பெருக, வகுக்கும் எண் பூச்சியத்தை நெருங்குவதால், விடை நம்ப முடியாத அளவுக்கு வீங்கிவிடும்.

"எதைக் கவனிக்கவில்லை?" என்று பின்னர் நேரடியாகக் கேட்பதுண்டு. அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக் குணகத்தைப் பூச்சியமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவ்வாறு சொல்பவர்களில் பலர் அறவே பார்க்காதவர்கள் அல்லர், குறைவாகப் பொருட்படுத்தியவர்களே. அவர்கள் செய்த தேர்வுகளிலிருந்தே புறக்கணிப்பைப் புள்ளியியல் மாதிரியால் ஊகிப்பது மேல். ஆனால் அதுவும் சில வேளைகளில் அக்கறையின்மையைக் கவனமின்மையாக எண்ணிவிடும்.