மூன்றாம் வகுப்பின் காசு

அன்புள்ள ஐயா,

நார்மண்டி கப்பலின் சாப்பாட்டுக் கூடத்துப் படங்களைப் பார்த்தேன். கடலில் மிதந்த அரண்மனை! விமானம் மட்டும் வந்திராவிட்டால் அட்லாண்டிக் கப்பல்களின் பொற்காலம் இன்றும் நீடித்திருக்கும், இல்லையா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கூடத்தின் மேல் எனக்கும் தீராத மயக்கம் உண்டு. 93 மீட்டர் நீளம், எழுநூறு பேருக்கு இடம், லாலிக் என்ற பிரெஞ்சுக் கலைஞரின் கண்ணாடி விளக்குத் தூண்கள். ஆனால் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. நடுக்கடலில் கடலை மறந்து சாப்பிடுவதற்கென்றே கட்டிய அறை. 1942 பிப்ரவரியில், நியூயார்க் துறைமுகத்தில் படைக்கப்பலாக மாற்றும் வேலை நடந்தபோது, பொறி பறந்து உயிர்காப்பு அங்கிக் குவியலில் தீப்பிடித்தது. அணைக்க அடித்த தண்ணீரின் பாரத்திலேயே கப்பல் சரிந்து படுத்துவிட்டது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடைசி அடி ஜெட் விமானம் கொடுத்ததுதான், 1958 அக்டோபரில். ஆனால் பெரிய அடி அதற்கு 34 ஆண்டுகள் முன்பே விழுந்துவிட்டது.

1907இல் ஓடத் தொடங்கிய மௌரிட்டானியா என்ற கப்பலில் முதல் வகுப்புக்கு 563 இடங்கள், மூன்றாம் வகுப்புக்கு 1,138. நாம் பார்க்கும் படங்களில் அந்த 563 பேர்தான் இருக்கிறார்கள். மற்றவர்கள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள். அவர்களுக்கும் கீழே, முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 1,000 டன் நிலக்கரியை அள்ளி உலையில் போட்டார்கள். நியூயார்க் வந்ததும் மேல் வகுப்பினருக்குக் கப்பலிலேயே பரிசோதனை முடிந்துவிடும். மூன்றாம் வகுப்பினரைப் படகில் ஏற்றி குடியேற வருபவர்களைச் சோதிக்கும் எல்லிஸ் தீவுக்குக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்துவார்கள்.

அந்தக் கூட்டத்தின் டிக்கெட் காசை நம்பித்தான் கம்பெனிகள் இருந்தன. 1924இல் அமெரிக்கா குடியேற்றக் கதவை இறுக்கியது. இத்தாலிக்கு ஆண்டுக்கு 3,845 பேர், அவ்வளவுதான். 1907இல் மட்டும் அங்கிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேல் வந்திருந்தார்கள். கீழ்த்தளம் காலியாயிற்று. கம்பெனிகள் அங்கிருந்த அறைகளைக் கொஞ்சம் சீராக்கி, 'டூரிஸ்ட் மூன்றாம் வகுப்பு' என்று பெயர் வைத்து மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விற்றன.

அப்புறம் 1935இல் உங்கள் நார்மண்டி வருகிறது. முதல் வகுப்பில் 848 இடங்கள், மூன்றாம் வகுப்பில் வெறும் 454. கணக்கு தலைகீழாகிவிட்டது. அவ்வளவு அழகான கப்பல் பாதி காலியாக ஓடிய பயணங்கள் உண்டு. பிரெஞ்சு அரசின் பணம் இல்லாமல் அதைக் கட்டியே முடித்திருக்க மாட்டார்கள்.