நொய்யலைப் படிக்க எந்தத் துறை?

கேள்வி: பி.ஏ. வரலாறு முடித்தேன். சுற்றுச்சூழல் முதுகலைக்குத் தகுதியில்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள்.

எம்.எஸ்சி.க்கு விண்ணப்பித்திருப்பீர்கள். 'சுற்றுச்சூழல் அறிவியல்' என்ற பெயரிருந்தால் பெரும்பாலும் அறிவியல் பட்டம் கேட்பார்கள். எம்.ஏ. வகுப்புகளைத் தேடிப் பாருங்கள். வரலாறு படித்ததற்காகக் கூச்சமே வேண்டாம். ஓர் ஏரி எப்போது தூர்ந்தது, யார் பெயருக்குப் போனது என்பதையெல்லாம் பழைய வருவாய்த்துறைக் கோப்புகளைப் புரட்டத் தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க முடியும்.

கேள்வி: நான் வேதியியல் மாணவன். திருப்பூர்ச் சாயக்கழிவு பற்றிய ஆய்வேட்டில் சட்டத்தையும் பொருளியலையும் சேர்க்கச் சொல்கிறார் வழிகாட்டி. எதற்கு?

நல்ல வழிகாட்டி, விட்டுவிடாதீர்கள். பருத்தியில் சாயம் ஏற உப்பைக் கொட்டுகிறார்கள். அது துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறுகிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தைக் குறைக்கும், உப்பை விட்டுவிடும். இதுவரை உங்கள் வேதியியல் போதும். ஆனால் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. உழவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் மறுபடி பயன்படுத்த வேண்டும் என்றால், சவ்வில் வடித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைப் பிரிக்க வேண்டும். மின்கட்டணம் எகிறும். அது பனியன் விலையில் ஏறுமா, கூலியில் பிடிக்கப்படுமா? இதற்குச் சோதனைக்குழாயில் விடை கிடைக்காது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய 1996ஆம் ஆண்டு வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்குத் தீர்ப்பையும் படித்துவிடுங்கள். முதல் வாசிப்பில் தலை சுற்றும், எனக்கும் சுற்றியது.

கேள்வி: எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம் என்றால் நுனிப்புல் மேய்வதாகாதா?

ஆகும். அதனால்தான் ஒரு துறையிலாவது வேர்விட்டுக்கொள்ளச் சொல்கிறேன். மற்றவற்றில் அந்தத் துறைக்காரரிடம் சரியான கேள்வி கேட்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. புள்ளியியல் இல்லாமல் ஒப்பேற்ற முடியுமா?

முடியாது. எத்தனை கிணறுகளில், எந்த மாதத்தில் நீர் எடுப்பது என்று முடிவு செய்யவே அது வேண்டும். முதலாண்டு கோடையிலும் அடுத்த ஆண்டு மழைக்குப் பிறகும் நீரெடுத்து, 'உப்பு வெகுவாகக் குறைந்துள்ளது' என்று மகிழ்ச்சியோடு முடித்த ஓர் ஆய்வேட்டை நான் திருத்தியிருக்கிறேன். மழைநீர் கலந்தாலே உப்பு குறைவாகத்தானே காட்டும்!