ஸ்கேனில் தெரியட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. புராஸ்டேட் புற்றுநோய்க்காக இரண்டு வருடத்துக்கு முன் சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் கிளீசன் (நோயின் தீவிரத்தைச் சொல்லும் மதிப்பெண்) 4+3, ‘மார்ஜின் பாசிட்டிவ்’ (வெட்டிய ஓரத்தில் நோய் செல்) என்று இருந்தது. பிஎஸ்ஏ (புராஸ்டேட் செல்கள் ரத்தத்தில் விடும் புரதத்தின் அளவு) முதலில் 0.01-க்குக் கீழே. எட்டு மாதத்துக்கு முன் 0.09, அப்புறம் 0.15, போன மாதம் 0.26. ரேடியேஷன் டாக்டர் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எடுத்துவரச் சொல்கிறார். சித்தப்பாவோ, “இப்போது எடுத்தால் ஒன்றும் தெரியாது, பணம்தான் வீண். 1-ஐத் தாண்டட்டும், பளிச்சென்று தெரியும்” என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சித்தப்பா சொன்னதில் முதல் பாதி சரி. பிஎஸ்எம்ஏ என்பது புராஸ்டேட் புற்றுநோய் செல்களின் மேல் இருக்கும் ஒரு புரதம். அதில் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தை ஊசியாகப் போட்டு, அது எங்கே சேர்கிறது என்று படமெடுப்பதுதான் இந்த ஸ்கேன். பிஎஸ்ஏ 0.2-க்கும் 0.5-க்கும் இடையில் இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் இந்த ஸ்கேனில் ஏதாவது தெரியும். 2-ஐத் தாண்டியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தெரியும். நான்கைந்து மில்லிமீட்டருக்கும் சின்னதாக இருப்பதைப் பிடிப்பது பெட் கருவிக்குக் கஷ்டம்.

இரண்டாம் பாதிதான் ஆபத்து. ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பிய நோய்க்கு ரேடியேஷன் நன்றாக வேலை செய்வது பிஎஸ்ஏ 0.5-க்குக் கீழே இருக்கும்போது. அதிலும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அப்பாவின் எண்களைப் பாருங்கள்: ஐந்து மாதத்துக்குள் இரட்டிப்பாகிறது. இதே வேகத்தில் 1-ஐத் தொட இன்னும் ஒன்பது மாதம்போல ஆகும். தெளிவான படத்துக்காக அந்த ஒன்பது மாதத்தை நோய்க்குக் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் ஸ்கேன் எதற்கு? எங்கே குறிவைப்பது என்று முடிவுசெய்ய. புராஸ்டேட் இருந்த இடத்தில் மட்டும் புள்ளி தெரிந்தால் அங்கே ரேடியேஷன். அந்தப் புள்ளிக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் கொடுக்கலாம். இடுப்புக்குள் நெறிக்கட்டியில் தெரிந்தால் பரப்பு பெரிதாகும், கூடவே (ஆண் ஹார்மோனைக் குறைக்கும்) ஹார்மோன் ஊசியும் வரும். தூரத்து எலும்பில் உறுதியாக இருந்தால் திட்டமே மாறும். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகம் 165 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், பெட் பார்த்துத் திட்டமிட்டவர்களில் 75.5 சதவீதம் பேருக்கு மூன்று வருடம் நோய் மீண்டும் தலைதூக்கவில்லை. பழைய வகை ஸ்கேனை மட்டும் நம்பியவர்களில் அது 63 சதவீதம். அவர்கள் பயன்படுத்தியது ஃப்ளூசிக்ளோவின் என்ற வேறு மருந்து. பிஎஸ்எம்ஏ அதைவிடக் கூடுதலாகக் கண்டுபிடிக்கும்.

ரிப்போர்ட்டில் ஒன்றுமே இல்லை என்று வந்தால்? பலர் சறுக்குவது இங்கேதான். ‘நெகட்டிவ்’ என்றதும் சந்தோஷப்பட்டு ஆறு மாதம் தள்ளிப்போடுவார்கள். சுரப்பியையே எடுத்த உடம்பில் பிஎஸ்ஏ ஏறிக்கொண்டிருந்தால் எங்கோ புராஸ்டேட் செல்கள் இருக்கின்றன. அப்பாவுக்கு வெட்டிய ஓரத்திலேயே நோய் செல் இருந்ததால், அந்த இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஸ்கேன் காலியாக வந்தாலும் ரேடியேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது.

சீட்டில் ‘பிஎஸ்எம்ஏ’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘பெட் சிடி’ என்றிருந்தால் சில சமயம் கதிரியக்கக் குளுக்கோஸ் போட்டு எடுக்கும் சாதாரண பெட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; இந்த நோய்க்கு அது பெரும்பாலும் உதவாது. எலும்பு ஸ்கேனும் 0.26-ல் ஏறக்குறைய வெறுமையாகத்தான் வரும், அந்தச் செலவை மிச்சம் பிடிக்கலாம். ஹார்மோன் ஊசி போடுவதாக இருந்தால் ஸ்கேன் முடிந்த பிறகு. முதலில் போட்டுவிட்டால் புள்ளி மங்கிவிடலாம்.

ஸ்கேனுக்குப் போடும் கதிரியக்க மருந்து இரண்டு விதம். கேலியம்-68-இன் கதிர்வீச்சு 68 நிமிடத்தில் பாதியாகும். அதை ஆஸ்பத்திரியிலேயே ஒரு ஜெனரேட்டரிலிருந்து, அதாவது கேலியம் உண்டாகும் ஒரு சின்னக் கருவியிலிருந்து, எடுப்பார்கள் (‘கறப்பது’ என்றே அந்தத் துறையில் பேச்சு). ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் அப்பாவுக்கான டோஸில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும். ஃப்ளோரின்-18 பாதியாகச் சுமார் 110 நிமிடம் ஆகும். அதில் பிஎஸ்எம்ஏ-1007 என்ற வகை சிறுநீரில் அதிகம் போகாததால் மூத்திரப்பை பக்கம் தெளிவாகத் தெரியும். ஆனால் விலா எலும்பில் பொய்ப்புள்ளி காட்டும் பழக்கம் அதற்கு உண்டு. விலாவில் ஒரே ஒரு மங்கல் புள்ளி இருந்து, சிடியில் அங்கே எதுவும் இல்லையென்றால், ‘எலும்புக்குப் பரவிவிட்டது’ என்று யாரையும் சொல்லவிடாதீர்கள். எம்ஆர்ஐ பார்த்தபின் பேசலாம்.

வெறும் வயிறு பொதுவாகத் தேவையில்லை. தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும். ஊசி போட்டு சுமார் ஒரு மணி நேரம் கழித்துப் படம். அதற்குச் சற்று முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். கேலியம் சிறுநீரில் இறங்கி, நமக்கு வேண்டிய இடத்தையே மறைக்கும். சிறுநீர் கசிந்து பேட் வைத்திருந்தால் படம் எடுப்பதற்கு முன் புதிதாக மாற்றுங்கள். ஈரப் பேட்கூட புள்ளியாகத் தெரியும். அன்று முழுக்கக் கைக்குழந்தையைத் தூக்க வேண்டாம், கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளியே இருக்கட்டும்.

இதற்குப் பிறகு ‘சிமுலேஷன் சிடி’ என்று இன்னொன்று எடுப்பார்கள். ஸ்கேன்தான் எடுத்தாயிற்றே என்று தகராறு செய்ய வேண்டாம். அது நோய் தேட அல்ல, கதிர் பாயும் கோணத்தை அளக்க. இங்கே விதி தலைகீழ்: மலம் கழித்து, மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும். சாதாரணமாக அரை லிட்டர் தண்ணீர் குடித்து அரை மணி முதல் முக்கால் மணி வரை உட்காரச் சொல்வார்கள். நிரம்பிய பை குடலை மேலே தள்ளிவிடும். மலக்குடலில் கேஸ் இருந்தால் குறிவைத்த இடம் முன்னே நகர்ந்துவிடும். 32 முதல் 35 சிட்டிங் வரை தினமும் இதே நிலையில்தான் படுக்க வேண்டும். அதனால் அப்பாவால் அடக்க முடியாத அளவு நிரப்பி அன்று வீரம் காட்ட வேண்டாம். கசிவு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், தாங்கும் அளவுக்கு நிரப்பித் திட்டம் போடுவார்கள்.