பீட்ரூட் சாலட்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இதுவரை பீட்ரூட்டை வேகவைத்தே உண்டிருக்கிறேன். பச்சையாகவே சாலட் செய்வதற்குரிய அளவையும் முறையையும் கூற இயலுமா?

பதில்: நான்கு பேருக்கு நடுத்தர அளவில் இரண்டு பீட்ரூட், அதாவது ஏறக்குறைய 300 கிராம், போதுமானது. நன்றாகக் கழுவித் தோலைச் சீவிவிட்டு, துருவியின் பெரிய கண்களில் துருவியோ தீக்குச்சிப் பருமனில் அரிந்தோ எடுத்துக்கொள்ளுங்கள். அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவி, விரல் நுனிகளால் பிசிறிவிட்டு, 10 நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். விறைத்து நின்ற துருவல் அதற்குள் துவண்டு படிந்து, மேலே ஒரு மினுமினுப்பு ஏறி, கிண்ணத்தைச் சாய்த்தால் அடியில் ஓரிரு கரண்டிச் செஞ்சாறு ஓடிவரும். அந்தச் சாற்றிலேயே ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைக் கலந்து, மேலும் 5 நிமிடம் ஊறவிட்ட பிறகே ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் சிறிது மிளகுத்தூளும் சேர்க்க வேண்டும். முதலில் உப்பு, அடுத்துப் புளிப்பு, கடைசியில் எண்ணெய் என்ற வரிசையை மாற்றாதீர்கள். எண்ணெய் முந்திக்கொண்டால் அது துருவலின் மேல் படலமாகப் படிந்துவிடும். பின்னர் இடுகிற உப்பும் புளிப்பும் உள்ளே இறங்காமல் வெளியிலேயே நின்று, வாயில் வைத்தவுடன் சுள்ளென்று உறைக்கும். மென்றுகொண்டே போனால் காய் மட்டும் சப்பென்று இருக்கும். பச்சை பீட்ரூட் பிடிக்காது என்பவர்களில் பலர் உண்மையில் இவ்வாறு செய்த சாலட்டைத்தான் வெறுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: எவ்வளவு கழுவினாலும் மண்வாடை போவதில்லை. மண்ணையே தின்பதுபோல் இருக்கிறது என்று வீட்டில் குறை கூறுகிறார்கள்.

பதில்: அவர்கள் கூறுவதில் பிழையில்லை. மழை பெய்து ஓய்ந்தவுடன் மண்ணிலிருந்து எழும் மணத்திற்குக் காரணமான ஜியோஸ்மின் என்னும் பொருளே பீட்ரூட்டிலும் இருக்கிறது. ஒரு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும் என்பதால், தண்ணீரில் கழுவி அதை விரட்டிவிட முடியாது. ஆனால் அது தோலிலும் தோலை ஒட்டிய பகுதியிலும் கூடுதலாக இருக்கிறது. புளிப்பு பட்டால் சிதைந்துவிடுகிறது. ஆகவே தோலைச் சற்று ஆழமாகச் சீவுங்கள். எலுமிச்சையிலோ வினிகரிலோ கஞ்சம் பிடிக்காதீர்கள். ஆரஞ்சுச் சுளைகளும் அதன் தோலை மெல்லியதாகத் துருவிய துருவலும் சேர்ந்தால், எஞ்சியிருக்கும் வாடையும் குறையாகத் தெரியாமல் பின்னணி மணமாக ஒதுங்கிவிடும்.

கேள்வி: வெங்காயம், ஆப்பிள், பாலாடைக்கட்டி என எதைச் சேர்த்தாலும் இரண்டே நிமிடத்தில் எல்லாம் ஒரே சிவப்பாகிவிடுகிறது. தடுக்க வழியுண்டா?

பதில்: முற்றிலும் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். பீட்ரூட்டின் நிறத்திற்குக் காரணமான பீட்டலெய்ன் நிறமிகள் நீரில் கரைபவை, எண்ணெயில் கரையாதவை. எனவே இந்தச் சாலட்டுக்கு மட்டும் ஊறிய சாற்றை வடித்துவிட்டு, துருவலைத் தனியாக எண்ணெயில் புரட்டி வைத்து, மற்றவற்றை இன்னொரு பாத்திரத்தில் தனியே பதப்படுத்தி, பரிமாறும் நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள், கிளறாதீர்கள். நிறமே ஒட்டாத சாலட் வேண்டுமென்றால் மஞ்சள் நிற பீட்ரூட்டைத் தேடி வாங்கலாம். குறுக்கே அரிந்தால் சிவப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாகத் தெரியும் கியோஜா என்றொரு வகையும் உண்டு. அதைப் பச்சையாக மெல்லிய வில்லைகளாக அரிந்தால்தான் அழகு. வேகவைத்தால் வளையங்கள் கலங்கி வெளிறிவிடும்.

கேள்வி: தயிர் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். நீர் வடித்த கெட்டித் தயிராக இருக்கட்டும். எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பச்சையாக மெல்ல என் பெற்றோருக்குப் பற்கள் ஒத்துழைப்பதில்லை. வேகவைத்துச் செய்தால் சுவை குறைந்துவிடுமா?

பதில்: குறையாது, வேறு சுவையாகிவிடும். பச்சையில் மொறுமொறுப்பு முன்னே நிற்கும். வெந்ததில் இனிப்பு முன்னே நிற்கும். தோலைச் சீவாமல், வாலை வெட்டாமல், காம்பில் இரண்டு விரற்கடை விட்டு முழுதாக வேகவையுங்கள்; வெட்டுப்பட்ட இடம் இருந்தால் நிறமும் இனிப்பும் தண்ணீரில் இறங்கிவிடும். பருமனைப் பொறுத்து 30 முதல் 45 நிமிடம் ஆகும். கத்தி முனை தடையில்லாமல் நடுவரை இறங்கினால் வெந்துவிட்டது என்று பொருள். ஓவனில் சுடுவதானால் அலுமினியத் தாளில் பொதிந்து 200 டிகிரி செல்சியசில் ஒரு மணி நேரம் வைக்கலாம். எனக்குச் சுட்டதே பிடிக்கும், ஏனெனில் நீர் சேராமல் சுவை இறுகிவிடுகிறது. எவ்வாறு வேகவைத்தாலும், கை பொறுக்கும் சூட்டில் தோலை உரித்து அரிந்து, ஆறுவதற்குள் எலுமிச்சையையும் உப்பையும் சேர்த்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது உறிஞ்சுவதுபோல் ஆறிய பிறகு காய் உறிஞ்சாது.

கேள்வி: சாலட் உண்ட மறுநாள் சிறுநீர் சிவந்து வந்தது. பயந்து மருத்துவமனைக்கே கிளம்பிவிட்டேன்.

பதில்: பயம் இயல்பானதே. பீட்ரூட்டின் நிறமி செரிமானத்தில் முழுதும் சிதையாமல் சிறுநீரில் வெளியேறுவதுதான் இது. ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு இவ்வாறு ஆகிறது. இரும்புச்சத்துக் குறைபாடு உள்ளவர்களிடம் இது அதிகமாகக் காணப்படுவதால், அடிக்கடி நேர்ந்தால் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பீட்ரூட்டே உண்ணாத நாளில் சிவந்தாலோ, உண்டு இரண்டு நாள் கடந்தும் நிறம் மாறாவிட்டாலோ, அதைப் பீட்ரூட்டின் கணக்கில் எழுதாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு நீரிழிவு, கணவருக்குச் சிறுநீரகக் கல் வந்து போயிருக்கிறது. நாங்கள் இருவரும் உண்ணலாமா?

பதில்: இருவருக்கும் விடை வேறு. பச்சை பீட்ரூட் 100 கிராமில் சர்க்கரை ஏறக்குறைய 7 கிராமும் நார்ச்சத்து 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் உள்ளன. ஆப்பிளில் இருக்கும் சர்க்கரையைவிட இது குறைவே. ஒரு சிறு கிண்ணம் சாலட்டை உணவோடு சேர்த்து உண்பதில் பெரும்பாலும் இடர் இல்லை. வடிகட்டிய சாறாகக் குடிப்பதுதான் வேறு கதை, அதில் நார் போய்விடுகிறது. உங்கள் கணவர் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். பீட்ரூட்டில் ஆக்சலேட் மிகுதி. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. அவருக்கு வந்த கல் எவ்வகை என்று மருத்துவரிடம் கேட்டறிந்த பிறகே முடிவு செய்யுங்கள். மருத்துவர் அனுமதித்தால், அரிந்து வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தயிருடன் கொடுங்கள். ஆக்சலேட்டில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும்; தயிரிலுள்ள கால்சியம் எஞ்சியதில் ஒரு பகுதியைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். முழுதாக வேகவையுங்கள் என்று மேலே கூறியதற்கு இது நேர் எதிரானது என்பதை அறிவேன். அங்கே சுவை முக்கியம், இங்கே கல்.

கேள்வி: இலையோடு வாங்கினேன். இலையை எறிந்துவிடலாமா?

பதில்: எறியாதீர்கள். இளம் இலைகளைப் பொடியாகக் கிள்ளிச் சாலட்டிலேயே போடலாம். முற்றியவற்றை வதக்கி உண்ணலாம். ஆனால் வீட்டுக்கு வந்தவுடன் இலையைக் காம்போடு வெட்டிப் பிரித்துவிடுங்கள். கிழங்கிலிருக்கும் ஈரத்தை இலை இழுத்துக்கொள்வதால், இரண்டே நாளில் கிழங்கு தொய்ந்து சுருங்கிவிடும்.

கேள்வி: காலையில் செய்து மதியத்துக்கு எடுத்துச் செல்லலாமா? கையில் படிந்த சாயத்திற்கும் ஒரு வழி கூறுங்கள்.

பதில்: உப்பும் எலுமிச்சையும் சேர்த்த துருவலைக் காலையில் செய்து, குளிர்ச்சி குறையாமல் எடுத்துச் செல்லலாம், மதியத்தில் இன்னும் நன்றாகவே இருக்கும். வறுத்த வால்நட் அல்லது வேர்க்கடலை, புதினா, வெள்ளரி ஆகியவற்றைத் தனி டப்பாவில் வைத்து உண்ணும்போது கலந்துகொள்ளுங்கள், இல்லையேல் பருப்பு நமத்துப்போகும், வெள்ளரி நீர் விட்டுவிடும். கைச்சாயத்திற்கு எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் போதும். துணியில் பட்டால் உடனே குளிர்ந்த நீரில் அலசுங்கள். மரப்பலகையில் மட்டும் அரியாதீர்கள். என்னிடம் உள்ள பலகையில் பல மாதங்களாக ஒரு சிவப்பு வட்டம் அப்படியே இருக்கிறது.