கார் சேஸ் காட்சிகளில் நிஜம் எவ்வளவு?
சினிமாவில் வரும் துரத்தல் நிஜத்தில் நடக்குமா என்றால், ஓட்டுவது பாதி நிஜம், மீதி எடிட்டரின் கைவரிசை. 1968இல் வந்த ‘புல்லிட்’ என்ற ஹாலிவுட் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சான் பிரான்சிஸ்கோவின் ஏற்ற இறக்கத் தெருக்களில் முஸ்டாங், டாட்ஜ் சார்ஜர் என்ற இரண்டு கார்களும் நிஜமாகவே மணிக்கு 100 மைலைத் தாண்டிப் பறந்தன, சில ஷாட்களில் பட நாயகன் ஸ்டீவ் மெக்வீனே முஸ்டாங்கை ஓட்டினார். ஆனால் அதே பச்சை ஃபோக்ஸ்வேகன் பீட்டிலைத்தான் திரும்பத் திரும்ப முந்துகிறார்கள். ஒரே ஓட்டத்தைப் பல கேமராவில் பிடித்து, தனித்தனி ஓட்டம் மாதிரி ஒட்டியதால் வந்த வினை. சார்ஜருக்கு இருப்பது நாலு சக்கரம், கழன்று உருளும் வீல் கப்போ (சக்கர மூடி) அதற்கும் மேல்! தெருக்களும் அப்படித்தான், ஒரு திருப்பத்தில் ஊரின் வேறு மூலைக்கே போய்விடுவார்கள். அப்புறம் மேட்டில் ஏறி கார் காற்றில் எகிறும் அந்தத் தாவல்கள். அதற்காகவே முஸ்டாங்கின் சஸ்பென்ஷனை (குலுக்கலைத் தாங்கும் அமைப்பை) முன்கூட்டியே பலப்படுத்தியிருந்தார்கள், ஷோரூமிலிருந்து வந்த கார் அந்த அடியைத் தாங்கியிருக்காது.